தங்க வண்டு: தோண்டிய கைகள் யாருடையவை?

எட்கர் ஆலன் போ என்றால் பேய்க்கதை எழுதினவர், துப்பறியும் கதைக்கு முன்னோடி, வறுமையிலும் குடியிலும் அலைக்கழிந்து 1849இல் நாற்பது வயதில் பால்டிமோரில் செத்துப்போன மேதை. இப்படித்தான் நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எல்லாம் நிசம்தான். ஆனா அந்தக் கதைகள்ல வர்ற பயம் யாரைப் பார்த்து வந்த பயம்னு கேக்கிறவங்க கம்மி. எம்.ஏ. படிக்கும்போது நானும் கேட்கவில்லை. 'தங்க வண்டு' கதையில் ரகசிய எழுத்தை உடைக்கிற சாமர்த்தியத்தைப் பார்த்து வாயைப் பிளந்தவன்தான் நான்.

போ 1809இல் பாஸ்டனில் நாடக நடிகர்களுக்குப் பிறந்தார். மூன்று வயது நிறையுமுன் தாய் போய்விட்டாள். எடுத்து வளர்த்தவர் ரிச்மண்ட் புகையிலை வியாபாரி ஜான் ஆலன். வர்ஜீனியாவில் புகையிலை யார் கைபட்டு விளைந்தது என்று நமக்குத் தெரியும். 1829 டிசம்பரில் தன் அத்தை மரியா கிளெம்முக்கு முகவராக நின்று, எட்வின் என்ற 21 வயதுக் கறுப்பு இளைஞரை ஒன்பது வருட ஊழியத்துக்கு 40 டாலருக்குப் போ விற்றுக்கொடுத்தார். விற்பனைப் பத்திரம் இருக்கிறது. விற்றவருக்கு அப்போது வயது இருபது.

'தங்க வண்டு' 1843இல் நூறு டாலர் பரிசு வாங்கிய கதை. நடக்கும் இடம் தென் கரோலினாவின் சல்லிவன் தீவு. 1827-28இல் போ படைவீரராக இருந்த இடம். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த அடிமைகளைச் சார்ல்ஸ்டனில் விற்பதற்கு முன், நோய் பரவாமலிருக்க 18ஆம் நூற்றாண்டில் அடைத்துவைத்த தீவும் அதுதான். கதைக்குள் இது ஒரு வரியாகக்கூட இல்லை. இருப்பது ஜூபிட்டர். விடுதலை பெற்ற பிறகும் எஜமானை விட்டுப் போகாத கிழவர். இடது கண் எது, வலது கண் எது என்று தெரியாதவராம். அவர் பேச்சே நம்மைச் சிரிக்கவைக்கத்தான். மரமேறுவதும் அவர், மண்வெட்டி பிடிப்பதும் அவர். ஒன்றரை மில்லியன் டாலர் புதையல் கிடைக்கிறது. அவருக்குப் பங்கு உண்டா? கதை வாயே திறக்கவில்லை.

புதையலுக்கு மேலே இரண்டு எலும்புக்கூடுகள். கொள்ளையன் கிட் புதைக்க உதவின ஆட்களை ரகசியத்துக்காகக் கொன்றிருப்பான் என்று எஜமான் நிதானமாக விளக்குகிறான். உழைச்சவனைக் கொன்னு அவன்மேலதான் செல்வம் கிடக்குதுன்னு போவே எழுதிட்டார். பக்கத்தில் தோண்டிய கையோடு நிற்கிற ஜூபிட்டரை மட்டும் அவர் பார்க்கவில்லை.

டோனி மாரிசன் 1992இல் எழுதிய விமர்சன நூலில், வெள்ளை இலக்கியத்துக்குள் நிற்கிற கறுப்பு நிழலைப் பேசும்போது போவை முக்கியமாக எடுத்துக்கொண்டார். அடிமைகளாக வந்தவர்களை நினைக்கச் சாலையோரம் ஒரு பெஞ்சுகூட இல்லையே என்று அவர் வருந்தியதை வைத்து, 2008இல் அவர் பெயரிலுள்ள சங்கம் சல்லிவன் தீவில் ஒரு பெஞ்சு போட்டது.

அப்போ போவைத் தூக்கி எறிஞ்சிடலாமான்னு தோழர்கள் கேட்கலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் வெளியான 'ஹாப்-ஃபிராக்' படியுங்கள். சொந்த நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்ட, நடக்கச் சிரமப்படும் கோமாளி. அவன் தோழியின் முகத்தில் ராஜா மதுவை வீசுகிறான். ராஜாவுக்கும் ஏழு மந்திரிகளுக்கும் தார் பூசி, நார் ஒட்டி, குரங்கு வேஷம் கட்டி, சங்கிலியில் தொங்கவிட்டுக் கோமாளி கொளுத்துகிறான். தோழியோடு தப்பியும் போகிறான். வர்ஜீனியாவில் 1831இல் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் எழுந்ததைக் கண்டு நடுங்கிய சமூகத்தில் இருந்தவர் எழுதியது இது.

அனுதாபத்தில் எழுதினாரா, பயத்தில் எழுதினாரா? பயம் என்றே நினைக்கிறேன். பயந்தவன் எழுத்தில் நம்ம பலம் எவ்வளவுன்னு தெரியுது. அதுக்காகவாவது படிக்கணும். படிக்கும்போது ரகசிய எழுத்தை ரசித்துவிட்டு எழுந்து போய்விடாமல், ஜூபிட்டரின் பங்கு எங்கே என்று கேளுங்கள்.