இடனறிதலும் ம.இ.கா.வும்

திருக்குறட் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்பதை மாணவர் அறிவர். வேந்தர்க்கும் படைக்கும் உரியனவாகக் கற்பிக்கப்படும் அவற்றைக் கொண்டு ஓர் அரசியல் கட்சியை எடைபோடுவதில் தவறில்லை. 1946இல் தோன்றிய ம.இ.கா. தன் வலியின் சிறுமையை நன்குணர்ந்த கட்சி. காலத்தையும் ஒருவாறு உணர்ந்தது. அது உணராது போனது இடத்தையே. நெகிரி செம்பிலான் தோட்டங்கள் அதற்குச் சான்று.

காலமறிதலிலும் அது முதலில் இடறியதுண்டு. 1952இல் நடந்த கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் டத்தோ ஓன் அமைத்த கட்சியை ஆதரித்துத் தோற்றது. பின்னரே அம்னோவும் ம.சீ.ச.வும் அமைத்த கூட்டணியில் மூன்றாவதாகச் சேர்ந்தது. 1955 பொதுத்தேர்தலின் 52 தொகுதிகளுள் அதற்குக் கிடைத்தவை 2. வாக்காளருள் இந்தியர் நூற்றுக்கு ஐவரும் இலர் ஆதலின் அது குறைவன்று. அன்று கேட்டுப் பெறுதல் விவேகம். அரை நூற்றாண்டுக் காலம் அதுவே கட்சியின் ஒரே வழியாக நின்றதுதான் குறை.

தோட்டத்தார் வாழ்வு நிலத்தைப் பற்றியது. லயம் துரையின் நிலத்தில்; கோயில் அவன் நிலத்தில்; பள்ளியும் அவன் நிலத்தில். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நிலத்தைப் பள்ளிக்கு எழுதிக் கொடுக்க விதிக்கவில்லை. ஆகவேதான் பல பள்ளிகள் இன்றளவும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாக நிற்கின்றன. வெள்ளையர் தோட்டங்களைத் துண்டாடி விற்ற நாளிலேயே, நிலம் கைம்மாறினால் அதன்மேல் வாழ்வோர் கதி என்னவாகும் என்பது தெரிந்துவிட்டது. உங்கு அசீசு அதனை ஆராய்ந்து அறிக்கையே எழுதினார். அறியாமல் நேர்ந்தது என்று எவரும் சொல்வதற்கில்லை.

பின்னர் லாபு, நீலாய், செண்டாயான் பக்கங்களில் இரப்பர்க் காடுகள் வீடமைப்பு நகரங்களாயின. இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அரசமைப்பின்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம். விளைநிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற, 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். அவ்வொப்புதல் கிடைக்காதவரை எந்த நிறுவனமும் ஒரு செங்கல்லை வைக்க இயலாது. பள்ளிக்கு மூன்று ஏக்கரும், பால்மரம் வெட்டியவர்க்கு வீட்டுமனையும் பட்டாவோடு கொடுத்தாலன்றி ஒப்புதல் இல்லை என்று வாதாடத் தக்க இடம் அதுவே. அதாவது, கோலாலம்பூரன்று, சிரம்பான். மாநில ஆட்சிக் குழுவில் ம.இ.கா. நெடுங்காலம் அமர்ந்திருந்தது. எனினும் கட்சியின் கண் அமைச்சர் பதவி மேலும் துணையமைச்சர் பதவி மேலுமே நின்றது. தோட்டம் விலைபோன பின், கலைந்து செல்லும் குடும்பங்களுக்கு இழப்பீட்டுத் தொகை பேசித் தருவதே சேவை எனப்பட்டது. கோட்டைக் கதவின் திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மதிலடியில் நின்று முறையிடுவது போன்றதிது.

இவ்வறிவு அக்கட்சிக்கு முற்றும் இல்லாதிருந்தது என்றும் கூறலாகாது. அதன் தலைவர் துன் சம்பந்தனே 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டம் வாங்க முனைந்தார். நிலமே வலிமை என்று கண்ட கண் அது. அக்கண் கட்சியின் கண்ணாகாமல் ஒரு சங்கத்தோடு அமைந்துவிட்டது. 1982இல் தோன்றிய மைக்கா நிறுவனத்தில் மக்கள் இட்ட கோடிக்கணக்கான வெள்ளியோ பங்குச் சந்தையை நோக்கிச் சென்றது. அதன் கதையை ஈண்டு விரித்தல் வேண்டா; தோட்டத்தில் தாலியை அடகு வைத்துப் பங்கு வாங்கியோர் அதனை அறிவர்.

சிறுபான்மையினர் என் செய்வர் என்பது கட்சியார் வழக்கமாகக் கூறும் விடை. இவ்விடை ஏற்புடைத்தன்று. எத்தொகுதியிலும் பெரும்பான்மையாக இல்லாத மக்கள், பல தொகுதிகளில் வெற்றியைத் தீர்மானிப்போராக இருத்தல் கூடும். 2008இல் அவர்கள் அதனைத் தாமே காட்டினர், நெடுநாள் ம.இ.கா.வின் வசமிருந்த தெலுக் கெமாங் தொகுதி அவ்வாண்டு கைநழுவியது. தோட்டத்தை விட்டு நகரப்புற மலிவுவிலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தோரின் பின்னே கட்சியின் கிளைகள் செல்லவில்லை. தலைவர் தேர்தலுக்கு ஆள் எண்ணுவதற்கே பெரிதும் பயன்பட்ட கிளைகள், மக்கள் எங்கே போயினர் என்று எண்ணவில்லை போலும்!

2018இல் மாநில ஆட்சியே மாறியது. 36 சட்டமன்றத் தொகுதிகளுள் தேசிய முன்னணி வென்றவை 16, அவற்றுள் ம.இ.கா.வுக்குரியது ஒன்றே. பகாவை அடுத்துத் தோட்டங்கள் சூழ்ந்த ஜெராம் பாடாங் அது. 2023 ஆகஸ்டில் மாநிலத் தேர்தல் வந்தபோது ம.இ.கா. எங்கும் போட்டியிடுவதில்லை என முடிவு செய்தது. எஞ்சியிருந்த அவ்வோரிடமும் அம்னோ வேட்பாளருக்குப் போயிற்று. விட்டுக்கொடுப்பதும் ஒரு வியூகமாகலாம், ஈடாக ஒன்று பெறப்படுமாயின். ஜெராம் பாடாங் தோட்டத்தாருக்கு அவ்வாறு பெறப்பட்டது யாது என்று வினவின், விடை கூறுதல் அரிது.