தகரம் 'தப்' என்றால் பாதி வேலை முடிந்தது

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் அலங்காரக் கடைகளில், வண்டியைத் தெருவோரம் நிறுத்தியே கதவின் உள்பலகையைக் கழற்றிவிடுவார்கள். கம்பெனி மாட்டிய ஸ்பீக்கர் வெளியே வரும்போது உரிமையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டும். காகிதக் கூம்பு, சின்னக் காந்தம், பிளாஸ்டிக் சட்டம். இத்தனை லட்சம் கொடுத்தது இதற்கா?

தொழில் தெரிந்தவர் உடனே புது ஸ்பீக்கரை எடுப்பதில்லை. கதவுத் தகட்டை விரலால் தட்டிப் பார்ப்பார். காலி பிஸ்கட் டின் போல 'டங்' என்னும். பியூட்டைல் ரப்பரில் அலுமினியத் தாள் பதித்த டாம்பிங் ஷீட்டை ஒட்டி, சின்ன உருளையால் அழுத்தித் தேய்ப்பார். மறுபடி தட்டினால் 'தப்'. தகரம் அதிர்வது அடங்கினால்தான் மிருதங்கத்தின் தொப்பி தெளிவாகக் கேட்கும்.

பிறகுதான் ஆறரை அங்குல ஸ்பீக்கரும் ட்வீட்டரும்.

ஸ்டீரியோ பெட்டியில் அச்சிட்டிருக்கும் '50 வாட்ஸ் × 4' உச்சக் கணக்கு. தொடர்ந்து கிடைப்பது சேனலுக்கு 20 வாட்டை ஒட்டித்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபயர், அதற்கு பேட்டரியிலிருந்தே தனி ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். டிக்கியில் சப்வூஃபர் வைத்து நம்பர் பிளேட்டை நடுங்கவைப்பது தனி ரசனை. பக்கத்து வண்டிக்காரர்தான் பாவம்.

ஒயரை வெட்டி டேப் சுற்றும் கடைக்காரரிடமிருந்து தப்பிப்பது நல்லது. கம்பெனி சாக்கெட்டில் அப்படியே செருகும் கப்ளர் பல மாடல்களுக்குக் கிடைக்கிறது. வாரண்டித் தகராறும் குறையும்.