ஸ்னெய்ன்டன் மேட்டுக் காற்றாலை

நாட்டிங்ஹாம் போகிறவர்களெல்லாம் ராபின் ஹூட்டைத் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஊருக்குக் கிழக்கே ஸ்னெய்ன்டன் மேட்டில் ஏறுங்கள் என்பேன். வீட்டுக் கூரைகளுக்கு மேலே வெள்ளை இறக்கைகளோடு ஒரு செங்கல் கோபுரம் நிற்கிறது. இங்கிலாந்தில் எனக்கு அதைவிடப் பிடித்த கட்டடம் இல்லை!

ஜார்ஜ் கிரீன் என்ற ரொட்டிக்காரர் 1807-இல் கட்டிய மாவாலை அது. அவர் மகனுக்கும் அதே பெயர். மகன் பள்ளிக்கூடம் போனது ஏறக்குறைய ஓராண்டுதான். பிறகு அடுமனை வேலை, அப்புறம் ஆலை வேலை. காற்று வீசினால் இரவென்றும் பகலென்றும் பாராமல் அரைத்தாக வேண்டிய பிழைப்பு. அதற்கு நடுவே மேல்தளத்தில் உட்கார்ந்து கணிதம் படித்தார் என்கிறார்கள். 1828-இல் மின்சாரத்தையும் காந்தத்தையும் கணிதத்தால் விளக்கி ஒரு நூலை, சந்தா சேர்த்துத் தானே வெளியிட்டார். வாங்கியவர்கள் ஐம்பது சொச்சம் பேர்.

நம்மூர் பொறியியல் கல்லூரியில் 'கிரீன் தேற்றம்' படித்தவர்களே, அந்தக் கிரீன் இவர்தான்! நாற்பது வயதில் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தார். 1841-இல் இறந்து, ஆலைக்குப் பக்கத்துத் தேவாலயத் தோட்டத்தில் அடக்கமானார். 1845-இல் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) அந்த நூலைக் கண்டெடுத்த பிறகுதான் உலகம் விழித்தது. நோபல் பரிசு பெற்ற ஜூலியன் ஷ்விங்கர், கிரீனின் இருநூறாம் பிறந்த ஆண்டான 1993-இல் நாட்டிங்ஹாமுக்கே வந்து, தன் குவாண்டம் ஆய்வு இந்த ஆலைக்காரருக்குப் பட்ட கடனைப் பற்றிப் பேசினார்.

ஆனால் கிரீனுக்காக மட்டும் நான் அங்கே போவதில்லை. ஆலை ஓடுவதைப் பார்க்க வேண்டும்! கோபுரத்தின் தலையில் தொப்பிபோல ஒரு மூடி. அதன் பின்புறம் ஒரு சின்ன விசிறி. காற்று திசை மாறினால் அந்த விசிறி சுழன்று, பல்சக்கரங்கள் வழியாக மூடியையே மெல்லத் திருப்பி, பெரிய இறக்கைகளைக் காற்றுக்கு எதிரே நிறுத்திவிடும். மனிதக் கை படவே வேண்டாம். இறக்கைகளில் ஜன்னல் பலகைபோலத் திறந்து மூடும் தட்டிகள். காற்று மிஞ்சினால் திறந்து வழிவிடும். கோதுமை மூட்டையை மேலே தூக்குவதும் அதே காற்றுதான். மேலிருந்து தானியம் தன் எடையிலேயே இறங்கி, கற்களுக்கிடையே அரைபட்டு, கீழ்த்தளத்தில் வெதுவெதுப்பான மாவாகச் சாக்கில் விழும். செங்குத்தான படிகளில் ஏறும்போது தளம் முழுக்க அதிர்வதைக் காலில் உணரலாம். இதைக் கட்டியவர்களின் மூளையை எப்படிப் புகழ்வது!

இதெல்லாம் அழிந்தும் போயிருக்கும். ஆலை 1860-களில் நின்றது. 1947-இல் தீப்பிடித்து உள்ளே இருந்த மரமெல்லாம் எரிந்து, வெறும் செங்கல் கூடு மிஞ்சியது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்து அறிஞர்களும் ஊர்மக்களும் நிதி திரட்டினார்கள், நகராட்சியும் கைகொடுத்தது. 1986-இல் மறுபடி மாவு அரைபட்டது. இதற்காக உழைத்த ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிடலாம்.

பக்கத்திலேயே சின்ன அறிவியல் கூடம் உண்டு, குழந்தைகளைக் கூட்டிப்போங்கள். அரைத்த மாவும் அங்கேயே விற்பனைக்குக் கிடைக்கும். கோதுமை வாசனை அப்படியே இருக்கும் அந்த மாவில் சப்பாத்தி சுட்டுப் பாருங்கள். காற்றடிக்கிற நாளாகப் பார்த்துப் போவது மட்டும் முக்கியம்.