படியும் கொடியும்: வெண்மணி சார்ந்த நாவல்களில் செல்வ ஏற்றத்தாழ்வும் அரசியல் பிளவும்

ஒரு நாட்டில் செல்வம் சமமின்றிப் பகிரப்பட்டிருந்தால் அந்நாட்டு மக்கள் அரசியலிலும் இரு கூறாகப் பிரிவர் என்பது சமூகவியல் நூல்களில் பரவலாகக் காணப்படும் கருத்தாகும். தஞ்சை மாவட்டத்தின் வரலாறு இக்கருத்தை அப்படியே ஏற்க இடந்தரவில்லை. காவிரிப் படுகையின் நிலம் ஒருசிலர் கையிலும் கோயில்கள், மடங்கள் ஆகியவற்றின் பெயரிலும் குவிந்திருந்தமை பல நூற்றாண்டுப் பழைமையுடையது. நிலமற்றோர் அங்குச் சங்கமாகத் திரண்டு நின்றதோ இருபதாம் நூற்றாண்டின் நாற்பதுகளில்தான். ஏற்றத்தாழ்வு நெடுங்காலம் இருந்தும் பிளவு தோன்றாத காலம் ஒன்று இருந்தது. களத்துமேட்டில் அளக்கப்பட்ட கூலி நெல் எந்தக் கட்டத்தில் கட்சிக் கொடியின் வழக்காக மாறியது என்ற வினா இதனால் எழுகிறது. இவ்வினாவிற்கு விடை காணும் வாய்ப்பு நாவலுக்கு உண்டு. கீழ்வெண்மணி நிகழ்வையும் அதன் சூழலையும் பொருளாகக் கொண்ட தமிழ் நாவல்கள் அவ்வாய்ப்பை எவ்வாறு பயன்கொண்டன என்பது ஈண்டு ஆராயப்பெறுகிறது.

1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்து நாகப்பட்டினம் வட்டத்தைச் சேர்ந்த கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்திருந்த தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் முதியோருமே அவர்களில் பெரும்பாலோர். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதே இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இக்கூற்று பொய்யன்று, ஆனால் முழுமையுமன்று. செங்கொடியை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் கீழ் வரவேண்டும் என்ற நிலவுடைமையாளரின் நெருக்குதலும் அக்கூலிப் பூசலோடு சேர்ந்தே இருந்தது. அரைப்படி நெல்லை ஈந்துவிடும் வசதி மிராசுதாரர்களுக்கு இல்லாமல் இல்லை. அதனைக் கேட்டுப் பெறும் உரிமை தொழிலாளர்க்கு உண்டு என்பதையே அவர்களால் ஏற்க இயலவில்லை.

இந்நிலை உருவான முறையைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். பி. சீனிவாசராவ் முதலானோர் நாற்பதுகளில் கட்டிய விவசாயிகள் சங்கம் முதலில் எதிர்த்துப் போராடியது சவுக்கடியையும் சாணிப்பாலையும்தான். கூலிக் கோரிக்கை அதனையடுத்தே முன்னுக்கு வந்தது. 1952இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பண்ணையாளை எளிதில் வெளியேற்ற முடியாதவாறு காப்புத் தந்தது. நிலவுடைமையாளர் பலர் பண்ணையாள் முறையையே கைவிட்டு அன்றாடக் கூலிக்கு மாறினர். இதனால் எதிர்பாராத விளைவொன்று ஏற்பட்டது. ஆண்டு முழுவதும் ஒரு பண்ணைக்குக் கட்டுண்டு கிடந்தவன் இப்போது ஒவ்வோர் அறுவடையிலும் கூலி பேச வேண்டியவன் ஆனான். பேச்சு என்றால் இரு தரப்பு உண்டு; இரு தரப்பு என்றால் இரு சங்கம் உண்டு. 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டமும், அதனையடுத்து வந்த புதிய நெல்வகைகளும் குறுவை, தாளடி விளைச்சலை உயர்த்தின. விளைச்சல் உயர்ந்ததைக் கண்ணெதிரே களத்தில் கண்டவர்கள் அறுத்தவர்களே ஆவர். அவர்கள் கூலியுயர்வு கேட்டபோது வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பதே மிராசுதாரர்களின் மறுமொழியாயிற்று. அறுபதுகளின் நடுப்பகுதியில் நெல் உற்பத்தியாளர் சங்கம் உருவானதற்கும் இதுவே பின்னணி. நில உச்சவரம்பு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 30 நிலையான ஏக்கர் என வரையறுக்கப்பட்டு, 1970இல் 15ஆகக் குறைக்கப்பட்டது. வெண்மணி எரிந்த காலத்தில் பழைய வரம்பும் கூட ஏட்டளவில் இருந்தது எனலாம்.

அரசியல் பிளவு கட்சிகளின் வரிசையோடு ஒத்துப்போகவில்லை என்பதும் கருதத்தக்கது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தலைமையிலான அணியில் மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்தது. நில உச்சவரம்பை எதிர்த்த சுதந்திராக் கட்சியும் இருந்தது. மாநிலத் தலைநகரில் ஒரே மேடையில் அமர்ந்தவர்களின் கொள்கைகள் களத்துமேட்டில் எதிரெதிராக நின்றன. நாட்டின் தேர்தல் வரைபடத்தை மட்டும் பார்ப்பவர்க்கு இப்பிளவு கண்ணுக்குப் புலப்பட்டிராது.

தீர்ப்பும் குருதிப்புனலும்

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1975இல் நூலாக வெளிவந்து 1977இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. வெண்மணி என்ற பெயர் தமிழ் இலக்கிய வாசகர்க்கு அப்பாலும் அறிமுகமானதில் இந்நாவலுக்குப் பங்குண்டு. ஆசிரியர் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். நாவலின் கோபாலும் சிவாவும் தில்லியிலிருந்து சிற்றூருக்கு வருபவர்கள். அவர்களின் விவாதங்களில் வெளிப்படும் படித்தோர் மனத்தின் தடுமாற்றம், செயலுக்கும் சொல்லுக்கும் இடைப்பட்ட தொலைவு ஆகியன இந்நாவலின் வலிமைகள். அதிகார வர்க்கம் யார்பக்கம் சாய்கிறது என்பதைக் காட்டும் பகுதிகளும் கூர்மையானவை.

நாவலின் மையத்தில் நிற்கும் கண்ணையா நாயுடு ஆண்மையற்றவராகப் படைக்கப்பட்டுள்ளார். அக்குறையை மறைக்கவும் ஈடுசெய்யவுமே அவர் அதிகாரத்தையும் வன்முறையையும் நாடுகிறார் என்ற உளப்பகுப்பாய்வு விளக்கம் கதையோட்டத்தில் அழுத்தம் பெறுகிறது. வர்க்கப் போராட்டத்தைத் தனிமனிதக் கோளாறாகச் சுருக்கிவிட்டது என இடதுசாரித் திறனாய்வாளர்கள் இந்நாவலைச் சாடினர். அச்சாடல் பெரிதும் கோட்பாட்டு நிலையிலேயே நின்றது. இந்நாவலை அதே காலத்து நீதிமன்றத் தீர்ப்போடு வைத்துப் படித்தால் சிக்கல் வேறு வகையில் தெளிவாகும்.

நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல் தண்டித்த நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் விடுதலை செய்தது. பெருநிலம் உடையவர்கள், அவர்களுள் ஒருவர் காரும் வைத்திருப்பவர், ஏவலாளர் துணையின்றித் தாமே நடந்துசென்று குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பர் என்பது நம்பக் கடினமாக உள்ளது என்ற கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. செல்வம் ஈண்டு ஒரு சான்றாக, அதுவும் குற்றமின்மைக்குச் சான்றாக, நின்றது. உடைமை உள்ளவன் இழிசெயல் செய்யான் என்ற பழைய நம்பிக்கை சட்டமொழியில் மறுபிறப்பு எடுத்தது. குடிசையில் இருந்தவர்க்கும் மாளிகையில் இருந்தவர்க்கும் பொதுவானதாக இருக்கவேண்டிய நிறுவனம் அவ்விருவரின் சொல்லையும் அவரவர் உடைமையைக் கொண்டு நிறுத்துப் பார்த்தது. ஏற்றத்தாழ்வு பிளவாக உறைந்துவிடும் கட்டம் இதுவே. கூலி குறைந்தால் கேட்டுப் பெறலாம் என்ற நம்பிக்கை எஞ்சும். கேட்கும் இடமே தனக்குரியதன்று என்று ஒருவன் உணர்ந்தபின் அந்நம்பிக்கைக்கு இடமில்லை.

தீர்ப்பு ‘செல்வர் இதனைச் செய்யார்’ என்றது. நாவலோ ‘இந்தச் செல்வர் செய்தார், காரணம் அவர்தம் உடற்குறை’ என்கிறது. இரண்டும் எதிர்நிலைகள்போலத் தோன்றினும், செல்வத்தைக் காரணத்தின் பட்டியலிலிருந்து நீக்குவதில் ஒன்றுபடுகின்றன. குறையற்ற ஒரு மிராசுதார் கண்ணையா நாயுடுவின் இடத்தில் இருந்திருப்பின் தீ மூண்டிராது என்று வாசகர் எண்ண இந்நாவல் வழிவிடுகிறது. வரலாற்றில் தீ வைத்தது ஒரு மனிதரின் மனம் மட்டுமன்று. பலர் கூடிய ஒரு சங்கம் அதன் பின்னே இருந்தது. சங்கம் முழுவதற்கும் ஒரே உடற்குறை இருந்திருக்க இயலாது. படைப்பாளிக்குக் கற்பனை உரிமை உண்டு என்பதும், நாவல் செய்தியறிக்கை அன்று என்பதும் உண்மையே. ஆயினும் தேர்ந்துகொண்ட உருவகம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று கேட்பது திறனாய்வின் கடன்.

செந்நெல்: அளவையின் அரசியல்

சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ (1999) கால்நூற்றாண்டு கழித்து இதே பொருளுக்குத் திரும்புகிறது. இந்நாவல் வெளியிலிருந்து வரும் அறிவாளியின் கண்ணை நாடவில்லை. சேற்றில் நிற்பவரின் பேச்சு, கீழத்தஞ்சையின் வட்டார வழக்கு, நடவும் அறுப்பும் சார்ந்த வாழ்வு ஆகியவற்றிலிருந்து கதை வளர்கிறது. கூலி நெல்லும் அதன் அளவும் இங்குப் புள்ளிவிவரமாக நில்லாமல் ஒரு வீட்டின் அடுப்போடு தொடர்புடையனவாகின்றன. அரைப்படி என்பது ஒருவேளைக் கஞ்சி என்று உணர்ந்த வாசகர்க்கு அதன்பின் செங்கொடி ஏன் ஊர் நடுவே ஏறியது என்பதை விளக்கவேண்டியதில்லை. ‘குருதிப்புனல்’ விவாதத்தால் சொல்ல முயன்றதை ‘செந்நெல்’ வேலையின் வழியே காட்டிவிடுகிறது.

இந்நாவலின் குறை வேறு வகையானது. அது யார் பக்கம் நிற்கிறது என்பதில் ஐயமில்லாததால், எதிர்த்தரப்பின் ஒற்றுமை எவ்வாறு உண்டாயிற்று என்ற வினாவில் அதற்கு ஆர்வம் குறைவு. கீழத்தஞ்சையில் நிலமுடையோர் ஒரே சாதியினர் அல்லர். பிராமணர், நாயுடு, வேளாளர், பிற இடைநிலைச் சாதியினர் எனப் பலர் இருந்தனர். திருமண உறவும் கோயில் முதன்மையும் அவர்களைப் பிரித்தே வைத்திருந்தன. நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் அவர்கள் ஒன்றாக அமர்ந்தனர். உடைமை சாதியைக் கடந்து இணைத்தது. உழைப்பு அவ்வாறு இணைக்கவில்லை. நிலமற்ற இடைநிலைச் சாதியினர் சிலர் சங்கத்தில் தலித்துகளோடு தோள்சேர்ந்தனர் என்பது மறுக்கவியலாத பெருமை. பலர் சேரவில்லை என்பதும் உண்மை. அன்று மாலை நிலவுடைமையாளர் தரப்பில் ஆட்களைச் சேர்த்துவந்த ஒருவர் கொல்லப்பட்டார். அதற்காகத் தொழிலாளர் சிலர் தண்டனையும் பெற்றனர். இறந்தவரும் பெருநிலக்கிழார் அல்லர். வெண்மணியின் துயரில் இப்பகுதி நாவல்களில் தக்க இடம் பெறவில்லை.

இராஜம் கிருஷ்ணனின் படைப்புகளை இவ்விடத்தில் ஒப்புநோக்கலாம். களத்திற்குச் சென்று மக்களோடு பழகி எழுதும் முறையை உடைய அவர், ‘சேற்றில் மனிதர்கள்’ நாவலில் கீழத்தஞ்சைத் தொழிலாளர் வாழ்வையும், ‘பாதையில் பதிந்த அடிகள்’ நாவலில் மணலூர் மணியம்மையின் வரலாற்றையும் எழுதினார். மணியம்மை நிலமுடைய பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்த கைம்பெண், கூந்தலைக் களைந்து ஆண்களைப்போல் உடையணிந்து உழவுத் தொழிலாளரிடையே பணியாற்றியவர், 1953இல் மறைந்தார். பிளவு என்பது பிறப்பால் விதிக்கப்பட்ட கோடு அன்று, கடக்கக்கூடியது என்பதற்கு அவர் வாழ்வு சான்று. ‘குருதிப்புனல்’ கோபாலும் அதே கோட்டைக் கடக்க முயல்பவன்தான். ஆயினும் அவனுக்குப் பேச்சு மிகுதி. மணியம்மைக்கு அன்றாடப் பணி மிகுதி. இவ்வேறுபாடு பாத்திரங்களின் இயல்பைச் சார்ந்தது மட்டுமன்று, தில்லியிலிருந்து பார்ப்பதற்கும் மணலூரிலிருந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடும் ஆகும்.

நாடு கண்டதும் காணாததும்

நக்சல்பாரி எழுச்சி (1967), வெண்மணி ஆகியவற்றின் பின்னணியில் மைய அரசின் உள்துறை அமைச்சகம் 1969இல் வேளாண் பதற்றங்களின் காரணங்களும் இயல்பும் குறித்து ஓர் ஆய்வறிக்கை தயாரித்தது. நிலச்சீர்திருத்தம் பலனளிக்காமையும் புதிய வேளாண் முறையின் நன்மை ஏற்கெனவே வசதியுடையோர்க்கே சென்றமையும் பதற்றத்திற்கு வழிவகுத்தன என்று அவ்வறிக்கை கண்டது. காவல்துறையைக் கையில் வைத்திருக்கும் அமைச்சகமே இதனைக் கூறியது வியப்புக்குரியது. அதே ஆண்டில் மாநில அரசு, கணபதியா பிள்ளை குழுவின் பரிந்துரைகளையொட்டிக் கீழத்தஞ்சைக்கு உழவுத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டத்தை இயற்றியது. சட்டம் கூலியை வரையறுத்தது. கொடியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. 1971 முதல் நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதி பலமுறை இந்தியப் பொதுவுடைமைக் கட்சியைத் தேர்ந்தமை அக்கொடி சட்டத்திற்குப் பின்னும் இறங்கவில்லை என்பதைக் காட்டும். முதல் குற்றவாளியாக வழக்கில் நின்று விடுதலை பெற்ற கோபாலகிருஷ்ண நாயுடு 1980இல் கொல்லப்பட்டார். நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு ஊரில் முடிந்திருக்கவில்லை.

மைய அரசின் அறிக்கை கண்ட இரு தரப்புகளையே நாவல்களும் பெரிதும் கண்டன: நிலம் உடையோர், நிலம் அற்றோர். அறுவடைக்கு வெளியூரிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் மூன்றாம் தரப்பு. அவர்களும் நிலமற்றவர்களே, பசியும் அதே பசியே. அவர்கள் கையில் கொடி இல்லாததால் கதையில் அவர்களுக்குப் பெயரும் பெரும்பாலும் இல்லை. அரைப்படி கூடுதலாகக் கேட்டவனுக்கு எதிராக, அரைப்படி குறைவாயினும் அறுக்க வந்தவனை நிறுத்த முடிந்ததே மிராசுதாரர்களின் முதன்மையான வலிமை. ஏற்றத்தாழ்வு ஏழைகளைப் பணக்காரரிடமிருந்து பிரித்தது போலவே ஏழைகளை ஏழைகளிடமிருந்தும் பிரித்தது. ஈண்டு எடுத்துக்கொண்ட நாவல்களில் எதுவும் அவ்வயலாரில் ஒருவரை மையப் பாத்திரமாகக் கொள்ளவில்லை. வெண்மணி குறித்து இனி எழுதப்பெறும் நாவலுக்குப் பொருள் அந்த மனிதனிடத்திலேயே உள்ளது.