முகமும் நடிப்பும்: ஹொலிவூட் விருதுகளின் இனநோக்குப் பற்றிய ஒரு மதிப்பீடு

1

திரைப்படத்தைக் கலைவடிவமாக மட்டும் நோக்குவோர் அது ஒரு கைத்தொழில் என்பதை மறந்துவிடுகின்றனர். அதனைக் கைத்தொழிலாக மட்டும் நோக்குவோர், மனிதரைப் பற்றிய எண்ணங்களையும் அக்கைத்தொழில் உற்பத்தி செய்கின்றது என்பதை மறந்துவிடுகின்றனர். அமெரிக்கத் திரைப்பட அக்கடமி ஆண்டுதோறும் வழங்கும் ஒஸ்கார் விருதுகளை இவ்விரு நிலைகளிலும் வைத்தே மதிப்பிடல் வேண்டும். எம்.ஜி.எம். நிறுவனத்தின் தலைமையில் இருந்த லூயிஸ் பி. மேயரின் முயற்சியால் 1927 இல் அக்கடமி தோற்றுவிக்கப்பட்டபொழுது, திரைப்படத் தொழிலிற் பலம்வாய்ந்த தொழிற்சங்கங்கள் உருவாவதைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. விருது வழங்கல் 1929 இலேயே தொடங்கிற்று. எனவே, இவ்விருது கலையின் நடுநிலையான துலாக்கோல் என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுதல் நன்று.

வெள்ளையரல்லாத நடிகருக்கு இவ்விருதுகளில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது இன்று பலரும் ஏற்கும் உண்மையாகும். ஆயின், இதனை வெறும் எண்ணிக்கைப் பிரச்சினையாகக் கொள்வது போதாது. எத்தனை பேர் விருது பெற்றனர் என்ற வினாவுக்கு முன்னர், எது நடிப்பு என மதிக்கப்பட்டது என்ற வினா எழுகின்றது. வெள்ளையர் ஒருவர் பிற இனத்தவராகத் தோன்றினால் அது கலைத்திறன் எனப் போற்றப்பட்டது. பிற இனத்தவர் ஒருவர் தம் இனத்தவராகவே தோன்றினால் அது அவரது இயல்பு எனக் கொள்ளப்பட்டது. இவ்விரட்டை அளவுகோலின் வரலாற்றையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

2

மேயரின் எம்.ஜி.எம். நிறுவனம் 1937 இல் வெளியிட்ட ‘த குட் ஏர்த்’ என்னும் படம் இதற்குத் தக்க தொடக்கமாகும். பேர்ள் பக்கின் நாவலைத் தழுவிய இப்படம் சீன உழவர் குடும்பம் ஒன்றின் கதையைக் கூறுவது. லொஸ் ஏஞ்சலிஸில் பிறந்து, அக்காலத்திற் பெரும் புகழ் பெற்றிருந்த சீன வம்சாவளி நடிகையான அனா மே வோங், ஓ-லான் என்னும் முதன்மைப் பாத்திரத்தை ஏற்கப் பெரிதும் விரும்பியிருந்தார். ஆனால் கணவனின் பாத்திரம் போல் முனி என்னும் வெள்ளை நடிகருக்கு வழங்கப்பட்டிருந்தது. 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட ஹொலிவூட் தணிக்கைக் கோவை, வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான பாலுறவைத் திரையிற் காட்டுதலைத் தடுத்தது. நடைமுறையில் அத்தடை ஆசிய நடிகர் மீதும் படிந்தது. இவ்வாறு சீனக் கணவனாக ஒரு வெள்ளையர் நடித்தமையால், சீன மனைவியாகச் சீனப் பெண் நடிக்க இயலாது போயிற்று. ஜேர்மனியிற் பிறந்த லூயிஸ் ரைனர் அப்பாத்திரத்தை ஏற்று, 1938 இல் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார். குடும்பத்தைச் சீர்குலைக்கும் இரண்டாந்தாரமான லோட்டஸ் என்னும் பாத்திரத்தைப் பொறுத்தவரை அனா மே வோங்கின் பெயர் கருதப்பட்டது. நல்ல பாத்திரங்களை வெள்ளையர் ஏற்க, தீய பாத்திரத்துக்கு மட்டும் தாம் அழைக்கப்படுவதை அவர் ஏற்க மறுத்தார்.

இதற்கு ஓராண்டு முன்னர், 1936 இல், ‘த டார்க் ஏஞ்சல்’ படத்துக்காகச் சிறந்த நடிகை விருதுக்கு முன்மொழியப்பட்டவர் மேர்ள் ஒபரோன். இவர் பம்பாயிற் பிறந்தவர். தாய்வழியில் இலங்கைத் தொடர்பு உடையவர். ஆயின் உலகம் அறிந்த வரலாற்றின்படி அவர் தஸ்மானியாவிற் பிறந்த வெள்ளைப் பெண். கருநிறம் கொண்ட தம் குடும்பப் பெண்ணைப் பணிப்பெண் எனப் பிறர்க்குக் காட்டி வாழ்ந்தார் என அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். தம் முகத்தை மறைக்காத நடிகைக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது. தம் பிறப்பை மறைத்த நடிகைக்கு வாய்ப்பு வழங்கப்பட்டது. இருவர் செலுத்திய விலையும் ஒரே கணக்கிற் சேர்வதாகும்.

3

அங்கீகாரம் கிடைத்த இடங்களிலும் அதன் தன்மையை ஆராய்தல் வேண்டும். ‘கோன் வித் த விண்ட்’ படத்தில் மாமி என்னும் பணிப்பெண்ணாக நடித்த ஹற்றி மக்டானியல், 1940 இல் துணை நடிகைக்கான விருதைப் பெற்று, ஒஸ்கார் பெற்ற முதற் கறுப்பினத்தவரானார். ஆனால் 1939 டிசம்பரில் அற்லாண்டா நகரில் நடைபெற்ற அப்படத்தின் முதற்காட்சிக்கு, அங்கு நிலவிய இன ஒதுக்கல் காரணமாக அவர் செல்ல முடியவில்லை. விருது விழா நிகழ்ந்த அம்பாசடர் ஹோட்டலிலும், தம் படக்குழுவினரிடமிருந்து விலக்கி ஓரமாக இடப்பட்ட தனி மேசையிலேயே அவர் அமர்த்தப்பட்டார். 1952 இல் அவர் இறந்தபொழுது, அவர் விரும்பிய ஹொலிவூட் மயானத்தில் இடம் மறுக்கப்பட்டது.

அவர் ஏற்ற பாத்திரங்களிற் பெரும்பாலானவை பணிப்பெண் பாத்திரங்களே. இதற்காகக் கறுப்பின முன்னேற்ற அமைப்பினர் அவரைக் கண்டித்ததும் உண்டு. எனினும் வேறு பாத்திரங்களை எழுதாத ஒரு தொழிலில், கிடைத்த பாத்திரத்துக்கு உயிரூட்டிய கலைஞரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமாகாது என்பதே எமது கருத்து. அவருக்குப் பின் இன்னொரு கறுப்பினப் பெண் நடிப்புக்காக விருது பெற 51 ஆண்டுகள் சென்றன. 1991 இல் வூப்பி கோல்ட்பேர்க் அதனைப் பெற்றார். 2012 இல் ஒக்ரேவியா ஸ்பென்சருக்கு ‘த ஹெல்ப்’ படத்துக்காக விருது வழங்கப்பட்டபொழுது, அவர் ஏற்றிருந்த பாத்திரமும் வெள்ளையர் வீட்டுப் பணிப்பெண்ணே. நடிகையின் திறனில் எமக்கு ஐயமில்லை. எழுபத்திரண்டு ஆண்டுகளின் பின்னரும் அத்திறன் எவ்வாயிலினூடாகக் காணப்பட்டது என்பதே சிந்தனைக்குரியது.

ஆண் நடிகர் வரலாறும் இதற்கு மாறானதன்று. சிட்னி பொய்ற்றியர் 1964 இல் ‘லில்லீஸ் ஒஃப் த ஃபீல்ட்’ படத்துக்காகச் சிறந்த நடிகர் விருதைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர். அப்படத்தில் அவர் ஏற்றது, வெள்ளைக் கன்னியாஸ்திரீகளுக்கு ஆலயம் கட்டிக் கொடுத்துவிட்டுச் செல்லும் நல்லவனின் பாத்திரம். 1967 இல் அவர் நடித்த ‘இன் த ஹீற் ஒஃப் த நைற்’ சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது. அதில் வெள்ளைப் பொலிஸ் அதிகாரியாக நடித்த றொட் ஸ்ரைகர் சிறந்த நடிகரானார். அதே ஆண்டில் வெளிவந்த ‘கெஸ் ஹூஸ் கமிங் ரு டின்னர்’ படத்துக்காகக் கதரின் ஹெப்பேர்ன் சிறந்த நடிகையானார். இரு படங்களுக்கும் மையமாக நின்ற பொய்ற்றியரோ முன்மொழியப்படவுமில்லை. கறுப்பு மனிதனைக் கண்டு மனம் மாறும் வெள்ளையரின் உள்ளப் போராட்டம் நடிப்பாயிற்று. அம்மாற்றத்துக்குக் காரணமாய் நின்றவனின் கட்டுப்பாடும் சினமும் நடிப்பாகவில்லை.

4

எமது நாட்டுடன் தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டை இவ்விடத்திற் குறிப்பிடல் பொருத்தமாகும். 1957 இல் வெளிவந்த டேவிட் லீனின் ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ இலங்கையில், கித்துல்கலையில், களனி கங்கைக் கரையிற் படமாக்கப்பட்டது. எட்டு விருதுகளுக்கு முன்மொழியப்பட்ட இப்படம் ஏழினைப் பெற்றது. கிடைக்காது போன ஒன்று, ஜப்பானியத் தளபதியாக நடித்த செசூ ஹயகாவாவுக்கு உரியதாயிருந்த துணை நடிகர் விருதாகும். ஒரு தோல்வியை மட்டும் கொண்டு இனப் பாகுபாட்டை நிறுவ முடியாது. ஆயின் ஹயகாவாவின் முழு வாழ்க்கையும் கருத்திற் கொள்ளத்தக்கது. 1915 இல் ‘த சீற்’ என்னும் மௌனப் படத்தின் மூலம் பெரும் புகழடைந்த அவர், கொடியவனாகவே தம்மைக் காட்டும் பாத்திரங்களிலிருந்து விடுபடுவதற்காக 1918 இல் சொந்தத் தயாரிப்பு நிறுவனத்தை அமைத்தார். அதனை இழந்து நெடுங்காலத்தின் பின், மீண்டும் ஒரு கொடிய தளபதியின் பாத்திரத்திலேயே அக்கடமி அவரைக் கண்டுகொண்டது.

இப்படம் பற்றிப் பேசுகையில் இன்னொன்றையும் கூறாது விடல் இயலாது. சயாம்–பர்மா இரயில்பாதை 1942, 1943 ஆம் ஆண்டுகளில் ஜப்பானியரால் அமைக்கப்பட்டபொழுது, நேச நாட்டுப் போர்க்கைதிகளுள் 12,000 இற்கு மேற்பட்டோர் மடிந்தனர். அவர்களினும் பன்மடங்கினராக மடிந்தோர் ஆசியத் தொழிலாளர். அவர்களுட் பெருந்தொகையினர் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர். படத்தின் கதையோ பிரித்தானிய அதிகாரி ஒருவரின் மானப் பிரச்சினையைச் சுற்றியே இயங்குகின்றது. தோட்டத் தொழிலாளியின் சாவுக்கு அதில் இடமில்லை. பாத்திரமாகவே எழுதப்படாதவனுக்கு நடிகன் தேவையில்லை; நடிகன் இல்லாவிடத்து விருதும் இல்லை. பாகுபாடு வாக்களிப்பில் வெளிப்படுவதற்கு நெடுநாள் முன்னரே கதைத் தெரிவிற் செயற்பட்டுவிடுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

5

இங்கு ஓர் எதிர்வாதம் எழக்கூடும். நடிப்பு என்பது தான் அல்லாத ஒருவராக மாறுதல்; ஆதலால் வெள்ளையர் பிற இனத்தவராக நடிப்பதைத் தடுப்பது கலையின் அடிப்படையையே மறுப்பதாகாதா என்பர் சிலர். கொள்கையளவில் இவ்வாதம் வலுவுடையதே. ஆனால் வரலாற்றில் அச்சுதந்திரம் ஒரு திசையில் மட்டுமே செயற்பட்டது. லின்டா ஹன்ற் என்னும் வெள்ளை நடிகை, ‘த இயர் ஒஃப் லிவிங் டேஞ்சரஸ்லி’ படத்திற் சீனக் கலப்பினத்தவரான ஓர் ஆணாக நடித்து 1984 இல் விருது பெற்றார். அதே 1984 இல் வெளிவந்த ‘எ பசேஜ் ரு இந்தியா’ படத்தில், குவாய் படத்தின் ஆங்கிலத் தளபதியாக நடித்து விருது பெற்றிருந்த அலெக் கின்னஸ், பேராசிரியர் கொட்போலே என்னும் பிராமணராகத் தோன்றினார். அப்படத்துக்காகப் பெகி அஷ்குரொப்ற் துணை நடிகை விருதைப் பெற்றார். கதையின் மையமான அஸீஸாக நடித்த விக்ரர் பானர்ஜியை அக்கடமி முன்மொழியவில்லை. ஆங்கிலத் தளபதியாகவோ அமெரிக்க நீதிபதியாகவோ நடிக்குமாறு பானர்ஜியை எந்த ஹொலிவூட் நிறுவனம் அழைத்தது? எல்லோருக்கும் திறக்கப்படாத கதவைக் கலைச் சுதந்திரம் என அழைப்பது பொருந்தாது.

‘காந்தி’ படத்தின் நிலை சற்றுச் சிக்கலானது. 1983 இல் எட்டு விருதுகளைப் பெற்ற இப்படத்தின் நாயகர் பென் கிங்ஸ்லி, கிருஷ்ணா பாஞ்சி என்ற பெயருடன் பிறந்தவர். தந்தைவழியில் குஜராத்திய மரபினர். தொழில் வாய்ப்புக்காக ஆங்கிலப் பெயரை ஏற்ற பின்னரே அவருக்கு வாயில்கள் திறந்தன. கஸ்தூரிபாயாக நடித்த ரோகிணி ஹட்டங்காடியைப் பிரித்தானிய அக்கடமி விருதளித்துக் கௌரவித்தது. அமெரிக்க அக்கடமி முன்மொழியவுமில்லை.

பிற்காலப் படங்களில் இவ்வளவுகோல் மேலும் தெளிவாகின்றது. ‘த லாஸ்ட் எம்பரர்’ 1988 இல் ஒன்பது விருதுகளைப் பெற்றது. ‘குரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ 2001 இல் நான்கைப் பெற்றது. ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ 2009 இல் எட்டையும், கொரியப் படமான ‘பரசைட்’ 2020 இல் நான்கையும் பெற்றன. இந்நான்கு படங்களிலும் நடித்தோருள் ஒருவரேனும் நடிப்புக்காக முன்மொழியப்படவில்லை. ஒளிப்பதிவோ, இசையோ, நெறியாள்கையோ சிறந்ததென ஏற்றுக்கொண்டவர்கள், அவை யாவும் எவர் முகத்தின்மீது குவிந்தனவோ அவரது உழைப்பை உழைப்பாகக் காணவில்லை.

6

2015, 2016 ஆகிய இரு ஆண்டுகளிலும் நடிப்புக்காக முன்மொழியப்பட்ட இருபது பேரும் வெள்ளையராகவே இருந்தமை பெரும் கண்டனத்தைத் தோற்றுவித்தது. லொஸ் ஏஞ்சலிஸ் ரைம்ஸ் பத்திரிகை 2012 இல் மேற்கொண்ட ஆய்வு, அக்கடமி வாக்காளருள் ஏறத்தாழ 94 வீதத்தினர் வெள்ளையர் எனவும் 77 வீதத்தினர் ஆண்கள் எனவும் முன்னரே வெளிப்படுத்தியிருந்தது. கண்டனத்தின் விளைவாக உறுப்புரிமை விரிவாக்கப்பட்டது. 2023 இல் மலேசியாவிற் பிறந்த மிஷெல் இயோ சிறந்த நடிகை விருதைப் பெற்றார். ஆயின் 2002 இல் அவ்விருதைப் பெற்ற ஹலி பெரியின் பின்னர், 2025 வரை நிகழ்ந்த விழாக்களில் வேறெந்தக் கறுப்பினப் பெண்ணும் அதனைப் பெறவில்லை. போராடிப் பெற்ற மாற்றங்களை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவற்றை முடிந்த முடிபாகக் கொள்வதையே மறுக்கின்றோம்.

முற்போக்காளருட் சிலர், முதலாளித்துவப் பொழுதுபோக்குத் தொழிலின் விருது யாருக்குக் கிடைத்தால் எமக்கென்ன என வினவுவர். இவ்வலட்சியம் உழைப்பவனின் பக்கம் நிற்பதாகத் தோன்றினும் உண்மையில் அவனைக் கைவிடுகின்றது. நடிகன் தன் முகத்தையும் குரலையும் கொண்டு உழைப்பவன். அவ்வுழைப்பு உழைப்பன்று, பிறவிக்குணம் எனக் கூறப்படும்பொழுது மறுக்கப்படுவது அவனது மனிதத் திறனேயாகும். குடியேற்ற ஆட்சியினர் எம்மவர் கைத்திறனைப் பழக்கம் என்றும், தம்மவர் கைத்திறனைக் கலை என்றும் வகுத்தமையை அறிந்த எமக்கு இது புதிய செய்தியன்று.

எனினும் விருது மேடையிற் சமத்துவம் வேண்டுவதோடு எமது வேண்டுகோள் நின்றுவிடலாகாது. ஹயகாவா 1918 இல் உணர்ந்தது போல, எக்கதை எழுதப்படும், அதனை எவர் தயாரிப்பர் என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றலிலேயே நடிகரின் விடுதலையும் தங்கியுள்ளது. விமர்சகரின் கடமையும் இங்குண்டு. ஒரு படத்தைப் பாராட்டுகையில் நெறியாளரின் பெயரோடு நின்றுவிடாது, அப்படத்தைத் தாங்கிய நடிகரின் பெயரையும் தொழில்நுட்பத்தையும் நுணுகி ஆராய்ந்து எழுதும் பழக்கம் எம்மிடையே வளர்தல் வேண்டும். மக்டானியல் விருது பெற்ற இரவில் அவருக்கு இடப்பட்ட தனி மேசை அந்த ஹோட்டலில் இன்றில்லை. அந்த ஹோட்டலும் இடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் முகத்தையும் நடிப்பையும் வேறுபிரித்து வைக்கும் பார்வை எஞ்சியிருக்கும் வரை, அம்மேசை எமது மதிப்பீடுகளிலும் இடப்பட்டேயிருக்கும்.