ஒரே அலைவெண் மட்டும் போதுமா?

“ஒரே நாடு, ஒரே மின்தொகுப்பு, ஒரே அலைவெண்” என்ற முழக்கத்தை வாசகர்கள் கேட்டிருக்கலாம். செவிக்கு இனிய தொடர்தான். ஆனால் அறிவியல் பயில்வோர் எந்த முழக்கத்தையும் உரசிப் பார்க்க வேண்டும் அல்லவா?

புதுவையில் வாழும் நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. நம் யூனியன் பிரதேசத்தில் சொல்லிக்கொள்ளும்படியான மின்நிலையம் காரைக்காலில் உள்ள 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்றுதான். மற்றபடி நெய்வேலி, கல்பாக்கம், இராமகுண்டம் என்று வெளியூர் நிலையங்களையே நம்பியிருக்கிறோம். மாகிக்குக் கேரளத்தின் வழியாகவும், ஏனாமுக்கு ஆந்திரத்தின் வழியாகவும் மின்சாரம் வருகிறது. வெளியூர்க் கம்பி இல்லையேல் நம் வீட்டில் விளக்கு இல்லை.

முழக்கத்தில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். நம் நாட்டில் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவுறுகிறது. இரு மின்தொகுப்புகளை நேரடியாக இணைக்க வேண்டுமானால், இரண்டின் அலைவுகளும் தாளம் தப்பாமல் ஒன்றாகச் செல்ல வேண்டும். தென்னகத் தொகுப்பு நெடுங்காலம் தனித் தாளத்தில் இயங்கி வந்தது. 2013 டிசம்பர் 31 அன்று இராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்பாதை வழியாக அது நாட்டின் பிற தொகுப்புகளோடு சேர்ந்தது. இது பெரிய பொறியியல் சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆனால் தாளம் ஒன்றானால் பாதை அகலமாகிவிடுமா? இரண்டு ஏரிகளைச் சிறு குழாயால் இணைத்துவிட்டு, இனி ஒரே ஏரி என்று சொல்வதுண்டா? ஒவ்வொரு மின்பாதைக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. இணைப்பு நடந்த பின்னும் சில ஆண்டுகள் மின்சந்தையில் தென்மாநிலங்கள் கூடுதல் விலை கொடுத்தே வாங்க நேர்ந்தது. வடக்கே மின்சாரம் இருந்தது. வரும் வழிதான் குறுகலாக இருந்தது. முழக்கம் சொல்லாமல் விடும் செய்தி இதுவே.

காற்றும் வெயிலும் தரும் மின்சாரத்திற்கு இக்குறை இன்னும் பெரிது. நிலக்கரியை இரயிலில் ஏற்றி அனுப்பலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றை மூட்டை கட்டி அனுப்ப முடியாது. அது மே முதல் செப்டம்பர் வரை பலமாக வீசும், பிறகு ஓய்ந்துவிடும். வீசும்போது வெளியே அனுப்ப வழியில்லாவிட்டால் காற்றாலையை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. தமிழ்நாட்டில் இப்படிப் பலமுறை நடந்திருக்கிறது.

இதற்கு விடையாக அமைந்தது 2021-ல் முழுமையாக இயங்கத் தொடங்கிய இராய்கர்–புகளூர் மின்பாதை. 1,700 கிலோமீட்டருக்கும் மேல் நீளம்; 8 இலட்சம் வோல்ட் அழுத்தம்; 6,000 மெகாவாட் திறன். இதில் பாய்வது நேர்திசை மின்னோட்டம். நெடுந்தொலைவில் இழப்பு குறைவு. வேண்டும் அளவை வேண்டும் திசையில் செலுத்தவும் முடியும். சத்தீஸ்கரின் நிலக்கரி மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவர எண்ணிய பாதை, காற்று மிகுந்த நாட்களில் நம் மின்சாரத்தை வடக்கே கொண்டுசெல்லவும் உதவும்.

எனினும் இரண்டு குறைகளைச் சுட்டத்தான் வேண்டும். ஒன்று, வரிசை மாறிப்போவது. காற்றாலைகளும் சூரிய மின்நிலையங்களும் ஓரிரு ஆண்டுகளில் எழுந்துவிடுகின்றன. நெடுந்தொலைவு மின்பாதைக்கு அதைவிட அதிக காலம் பிடிக்கிறது. எனவே பாதையை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மற்றொன்று, சுமை யார் தலையில் என்பது. புகளூர்ப் பாதைக்கும் அதன் கிளைகளுக்கும் கோபுரம் நட்டபோது கொங்கு நாட்டு உழவர்கள் போராடினார்கள். நிலத்தைக் கையகப்படுத்தாமலே கோபுரம் நடுவதற்கு 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் இடம் கொடுத்ததே காரணம். கோபுரம் நிற்கும் இடத்திற்கு நிலமதிப்பில் 85 விழுக்காடு இழப்பீடு என்று 2015-ல் மத்திய அரசு வழிகாட்டியது. 2024-ல்தான் அது 200 விழுக்காடாக உயர்ந்தது. அதை ஏற்பதும் மாநிலங்களின் விருப்பமே.

ஆகவே முழக்கத்தைக் கேட்கும்போது மூன்று கேள்விகள் கேட்போம்: எத்தனை மெகாவாட் செல்லும்? எந்த மாதத்தில் எந்தத் திசையில் செல்லும்? யாருடைய வயலின் மேல் செல்லும்? கம்பியின் கடைசி முனையில் வாழும் புதுவை மக்கள் மூன்றாவது கேள்வியை மறக்கலாகாது. நம் விளக்கு எரிவதற்கு எங்கோ ஓர் உழவர் தம் நிலத்தில் கோபுரத்தைச் சுமக்கிறார்.