புதிய நாடகமும் பொது வாசிப்பும்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

அரங்கேற்றம் என்னும் சொல் இன்று பெரிதும் நாட்டியத்தையும் இசையையும் சார்ந்தே வழங்குகின்றது. ஆயினும், புலவனொருவன் தன் நூலை அவைமுன் படித்துக் காட்டி, அவையோர் எழுப்பிய தடைகளுக்கு விடை பகர்ந்து, அவர்தம் ஏற்பினைப் பெறுதலையே நமது இலக்கிய மரபு அச்சொல்லாற் குறித்து வந்தது. தொல்காப்பியப் பாயிரம் அதங்கோட்டாசானைக் குறிப்பிடுவது இம்மரபின் தொன்மைக்குச் சான்றாகும். அவ்வரங்கிலே திரையில்லை, வேடமில்லை. குரலும் செவியும் மாத்திரமே இருந்தன. எனவே, புதிய நாடகமொன்றை மேடையேற்றுமுன் பொதுமக்கள்முன் வாசித்தல் மேனாட்டார் நமக்குக் கற்றுத்தந்த புதுமை எனக் கருதுவது பொருந்தாது.

மேனாட்டார் அதனை முறைப்படுத்தினர் என்பது உண்மையே. இலண்டன் ரோயல் கோர்ட் அரங்கில் 1957ஆம் ஆண்டு முதல், காட்சியமைப்பின்றிப் புதிய நாடகங்களை ஞாயிறு இரவுகளில் அவைமுன் வைக்கும் வழக்கம் தொடங்கிற்று. ஆர்னல்ட் வெஸ்கரின் ‘சமையலறை’ 1959இல் அவ்வாறே முதலில் வெளிப்பட்டு, 1961இல் முழுமையான தயாரிப்பாயிற்று. பெரும் பொருட்செலவுக்கு முன்னர் எழுத்துருவின் வலிமையையும் நலிவையும் கண்டறிதலே அதன் நோக்கம். பொருள்வளம் மிக்க ஓர் அரங்குக்கே இத்தகைய சோதனை வேண்டியிருந்ததெனின், நிலையான நாடக அரங்கோ தொழில்முறைக் குழுவோ வேரூன்றாத நமது கரையோர ஊர்களுக்கு அது எத்துணை இன்றியமையாதது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்களுக்குச் செவிவழி இலக்கியம் புதியதன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஒருவர் பாட, மற்றொருவர் பொருள் விரிக்கக் கேட்கப்பட்ட நூலாகும். கிஸ்ஸாக்களும் மஸலாக்களும் முனாஜாத்துகளும் அச்சில் வந்த பின்னரும் ஓதிக் கேட்கப்பட்டன. பிற்காலத்தில் இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை நாடகங்கள், முகம் காணாக் குரல்களைக் கொண்டே கதைமாந்தரை வேறுபடுத்தி அறியும் பயிற்சியை வீடுதோறும் வளர்த்தன. நாட்டுக்கூத்து மரபு அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களிற் செழித்த அளவுக்கு முஸ்லிம் ஊர்களில் வளரவில்லை. ஆனால் கேட்கும் மரபு வளர்ந்திருந்தது.

நவீன பா நாடகத்தின் வரலாற்றிலும் இப்பிரதேசத்திற்கு ஓர் இடமுண்டு. பெரியநீலாவணையைச் சேர்ந்த நீலாவணன் ‘மழைக்கை’ என்னும் பா நாடகத்தை யாத்தார். மஹாகவியின் ‘கோடை’ 1970இல் நூலுருப் பெற்றதும் கல்முனையிலேயாகும், எம்.ஏ. நுஃமான் முன்னின்று நடத்திய வாசகர் சங்கம் அதனை வெளியிட்டது. யாழ்ப்பாணத்து நாதசுரக் கலைஞர் ஒருவரின் குடும்பக் கதை, மட்டக்களப்பின் தெற்கே ஒரு முஸ்லிம் ஊரின் வெளியீடாக வாசகரை அடைந்தமை ஈழத்து இலக்கிய உறவுகளின் அகலத்தைக் காட்டுவது. யாப்பின் ஓரடியையே இரு பாத்திரங்கள் பகிர்ந்து பேசுமாறு அமைக்கும் மஹாகவியின் உத்தியைக் கண்ணாற் படிக்கும்போது நாம் எளிதிற் கடந்துவிடுகிறோம். இரு குரல்கள் அதனைப் பேசும்போதுதான், ஒருவர் சொல்லை மற்றவர் இடைமறிக்கும் வேகமும், யாப்பு மறைந்து பேச்சு மேலெழும் நுட்பமும் புலனாகின்றன.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. நமது ஊர்களில் பொதுமேடையிற் படித்தல் என்றவுடன் நினைவுக்கு வருவது கவியரங்கு. கவியரங்கு கவிதையைப் பரந்த மக்களிடம் கொண்டுசென்றது. அதே வேளையில், அடிக்கொரு கைதட்டலை எதிர்நோக்கும் பழக்கத்தையும் உண்டாக்கிற்று. நாடக வாசிப்பு அந்தப் பழக்கத்திற்கு ஆட்படுமாயின் நாடகம் அழியும். கவியரங்கிலே ஒவ்வோரடியும் தனித்து ஒளிரலாம். நாடகத்திலோ ஒரு கூற்று அடுத்த கூற்றைப் பிறப்பிக்க வேண்டும். அவை ஆரவாரித்த வரி நாடகத்தின் சிறந்த வரியாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. பாத்திரத்தை மறந்து ஆசிரியன் பேசிவிட்ட வரியாகவும் அது இருத்தல் கூடும். வாசிப்பிலே அவையின் மௌனத்தை அளக்கக் கற்றவனே எழுத்துருவைத் திருத்தும் தகுதி பெறுகிறான்.

வாசிப்பு எழுத்துருவை மாத்திரமன்றி, அதனைக் கேட்கும் சமூகத்தையும் வெளிப்படுத்தும் என்பதற்கு மஹாகவியின் ‘புதியதொரு வீடு’ தக்க எடுத்துக்காட்டாகும். 1970களின் தொடக்கத்தில் அ. தாசீசியஸின் நெறியாள்கையில் மேடை கண்ட இந்நாடகம் மீனவர் வாழ்வைப் பற்றியது. கடலுக்குச் சென்ற அண்ணன் மீளவில்லை. இறந்தானெனக் கொண்டு அவன் மனைவியைத் தம்பி மணக்கின்றான். பின்னர் அண்ணன் திரும்பி வருகின்றான். இதனை இன்று கல்முனைக் கரையில் ஓர் அவைமுன் வாசித்தால் நிகழக்கூடியது யாது? 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையின்போது இலங்கையில் மிகுந்த உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் அம்பாறை. உடல் கிடைக்காத இழப்பு இவ்வூர்களுக்குக் கற்பனையன்று. காணாமற்போன கணவனின் நிலை, மனைவி காத்திருக்க வேண்டிய காலம், மறுமணத்தின் ஏற்புடைமை ஆகியவற்றை இஸ்லாமியச் சட்ட நூல்கள் தனித்து ஆராய்கின்றன. காதி நீதிமன்றத்தை அறிந்த அவையினர் அவ்வினாக்களை எழுப்பாதிரார். மேலும், கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குரிய சீதனம்; மணமகனே மனைவியின் வீட்டுக்கு வருகின்றான். அவ்வழக்கில் வளர்ந்த செவிக்கு, நாடகத்தின் தலைப்பிலுள்ள ‘வீடு’ என்ற சொல்லே வேறொரு கனத்துடன் ஒலிக்கும். நாடகாசிரியர் எண்ணியிராத பொருள்கள் இவை. ஆயினும் நாடகம் இடந்தரும் பொருள்களே. ஒரு பழைய நாடகமே இவ்வளவு வினாக்களை எழுப்புமாயின், இம்மண்ணிலே பிறக்கும் புதிய நாடகம் தன் அவையைச் சந்திக்காமல் முழுமை பெறுமா?

மொழி பற்றிய சிக்கலும் வாசிப்பிலேதான் தெளிவு பெறும். வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா என அழைக்கும் மக்கள் மேடையேறியதும் செந்தமிழிலோ யாழ்ப்பாணப் பேச்சுவழக்கிலோ உரையாடத் தொடங்குவது நம் நாடகங்களிற் காணப்படும் குறையாகும். இதற்கு எதிர்முனையில், முறைப்பெயர்களையும் சில அறபுச் சொற்களையும் தூவிவிட்டால் முஸ்லிம் பேச்சு அமைந்துவிடும் என்னும் எண்ணமும் உளது. இரண்டும் பொய்யே. பேச்சுவழக்கின் உயிர் வினைமுற்றிலும், வாக்கியம் முடியும் இழுப்பிலும், உறவுக்கேற்ப மாறும் மரியாதையிலும் தங்கியுள்ளது. ஓர் உம்மா தன் மருமகனுடன் பேசுவதற்கும் மகனுடன் பேசுவதற்கும் இடையேயுள்ள தூரத்தை எழுத்தாளன் தவறவிட்டால், அவ்வூர்ச் செவி அக்கணமே நகைக்கும். அந்த நகைப்பு எந்த விமரிசனக் கட்டுரையினும் பயனுடையது.

பெண்குரலைப் பற்றியும் கூறுதல் வேண்டும. முஸ்லிம் பெண்கள் மேடையில் நடிப்பதற்கு நம் ஊர்களிலுள்ள தயக்கம் மறைக்கத்தக்கதன்று. இதனால் பெண் பாத்திரங்கள் சுருங்கின; அன்றேல் ஆண்கள் வேடம் புனைந்து நகைப்புக்குரியனவாக்கினர். அமர்ந்து வாசிக்கும் அரங்கு, கவிதை படிக்கவும் உரையாற்றவும் முன்வந்துள்ள பெண்கள் தம் குரலிலேயே ஒரு பாத்திரத்தைத் தாங்குவதற்கு வழி திறக்கின்றது. அவையிலிருக்கும் பெண்கள் அதனைக் கேட்டுத் திருத்தவும் இடமளிக்கின்றது. இது முடிந்த முடிபன்று. வாசிப்புக்குரிய நாற்காலியைப் பெண்ணின் நிரந்தர எல்லையாக்குவோர் மற்றொரு திரையையே தொங்கவிடுகின்றனர்.

இவற்றினும் பாரதூரமான காரணமொன்றுண்டு. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறிமாறி அமைந்த கரை இது. 1985இன் பின்னரும் 1990இலும் இவ்வூர்கள் ஒன்றையொன்று அஞ்சிய நாட்களை இரு சாராரும் தத்தம் முறையில் நினைவு கொள்கின்றனர். அந்நாட்களைப் பற்றி எழுதப்படும் நாடகம் ஒரு சாராரின் அவையில் மாத்திரம் கைதட்டல் பெறுமாயின், அது புண்ணைக் கிளறும் கருவியாகவே முடியும். வேடமும் இசையும் ஒளியும் சேர்ந்த பின்னர் ஒரு தவறான சித்திரிப்பைத் திரும்பப்பெறுதல் அரிது. கையெழுத்துப் பிரதியாக இருக்கும்போதே இரு சாராரும் ஒருங்கிருந்து கேட்பின், ‘எங்கள் வீட்டில் நிகழ்ந்தது இவ்வாறன்று’ என ஒருவர் எழுந்து கூற முடியும்; ஆசிரியனும் அதனைச் செவிமடுக்க முடியும். பழைய அரங்கேற்றத்திலே தடை எழுப்புதல் அவையோரின் உரிமையாயிருந்தது. அவ்வுரிமையை மீட்பதே பொது வாசிப்பின் தலையாய பயன்.

நாடகம் காண்பதற்குரியது, வாசிப்பு அதனை வெறும் இலக்கியமாக்கிவிடும் என்பர் அரங்கியலாளர். இக்கூற்றில் நியாயமுண்டு. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் 1985இல் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ போன்ற நாடகத்தின் ஆற்றலிற் பெரும்பகுதி நடிகர்தம் உடல்களிலும் கூட்டசைவிலும் இருந்தது. அத்தகையதை மேசைமுன் அமர்ந்து முழுமையாக உணர்த்தல் இயலாது. எனினும், வாசிப்பு சோதிப்பது சொல்லின் பகுதியையே. உடலின் பகுதியைத் தீர்ப்பிட அது உரிமை கோரலாகாது. இவ்வெல்லையை முன்கூட்டியே அவைக்கு உணர்த்திவிட்டால் முரண்பாடு எழாது.

நடைமுறையில் வேண்டுவன சிலவே. ஆசிரியன் தானே எல்லாப் பாத்திரங்களையும் படித்தலாகாது. அவனது குரல் எழுத்தின் குறைகளை மறைத்துவிடும். பாத்திரத்துக்கொருவராக வாசிப்போர் சில நாட்களேனும் சேர்ந்து பயிலுதல் வேண்டும். காட்சிக் குறிப்புகளைத் தனியொருவர், கூத்தின் கட்டியகாரனைப் போல, அளவோடு சொல்லுதல் நன்று. தலைமையுரையும் வாழ்த்துரையும் நாடகத்தினும் நீளலாகாது. வாசிப்பு முடிந்தபின் ‘நன்றா, தீதா’ என வினவுவதை விடுத்து, ‘எவ்விடத்தில் கவனம் சிதறிற்று? எவர் பேச்சை நம்பவில்லை?’ என வினவுதல் வேண்டும். அவ்வேளை ஆசிரியன் வாதிடாது குறிப்பெடுத்தலே முறை. திருத்திய எழுத்துருவை அதே அவைக்கு மீண்டும் வாசித்தாலன்றி முதல் வாசிப்பின் பயன் முற்றுப்பெறாது.

பாடசாலைப் போட்டிகளுக்கென எழுதப்பெறும் நாடகங்கள் குறித்த நேரத்துள் ஒடுங்கி, பரிசளிப்போடு மறைகின்றன. அவற்றுள் வளரத்தக்க வித்துகள் இல்லையென்று எவர் துணிவார்? 1995இல் தொடங்கிய தென்கிழக்கின் உயர்கல்வி நிறுவனம் இன்று ஒலுவிலில் பல்கலைக்கழகமாய் நிலைபெற்றுள்ளது. ஊர்தோறும் நூலகங்களும் உள. ஒரு மண்டபமும், ஆறேழு பிரதிகளும், கேட்கும் பொறுமையும் இருப்பின் தவணைக்கொரு புதிய நாடகத்தையாவது வாசிக்கலாம். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இப்பணியைத் தமதாகக் கொள்ளுமாயின், இக்கரையின் துயரும் நகையும் இக்கரையின் மொழியிலேயே நாடகமாகும் நாள் தொலைவிலிராது.